கார்டைக் கழற்றிவிட்டு ரிபேட் வெட்டும்போது

கதவு நிலைச் சட்டத்துக்கு மரத்தை இழைக்கும் ஜாயின்டர் மெஷினிலேயே ரிபேட் (கதவு வந்து அமர ஓரத்தில் எடுக்கும் படி போன்ற வெட்டு) வெட்டலாமா, அதைப் பாதுகாப்பாகச் செய்ய வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். வெட்டலாம், ஆனால் எல்லா மெஷினிலும் வெட்டக் கூடாது. வியாசர்பாடியில் கதவு, ஜன்னல் செய்யும் பட்டறை ஒன்றில் பல ஆண்டுகளாக வேலை செய்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில், முன்மேசையிலிருந்து (மரத்தை வைத்துத் தள்ளும் பக்கத்து மேசை), கத்திகள் பொருத்திய சுழலும் உருளையின் பக்கவாட்டில் நீண்டிருக்கும் இரும்புத் தாங்கி உங்கள் மெஷினில் இருக்கிறதா என்று பாருங்கள். ரிபேட்டில் சட்டத்தின் ஓரம் மட்டுமே கத்தியில் படும், மீதி அகலம் அந்தத் தாங்கியின் மேல்தான் நகரும் என்பதால், தாங்கி இல்லாத மெஷினில் சட்டம் சாய்ந்துவிடும். கத்திகளின் நுனியும் உருளையின் ஓரத்தைவிட ஒரு மயிரளவு வெளியே நீட்டியிருக்க வேண்டும். உள்ளடங்கியிருந்தால் உருளையின் இரும்பு மரத்தில் உரசிக் கருகச் செய்யும், சட்டமும் இறுகி நின்றுவிடும்.

ரிபேட்டின் அகலத்தை, சட்டம் ஒட்டி நகரும் பக்கத் தடுப்பான ஃபென்ஸ் தீர்மானிக்கிறது, ஆழத்தை முன்மேசையின் இறக்கம் தீர்மானிக்கிறது. 4 நூல் (அரை அங்குலம்) ஆழம் வேண்டுமானால் ஒரே ஓட்டத்தில் எடுக்க நினைக்காமல், ஓட்டத்துக்கு அரை நூல், மென்மரமானால் அதிகம் போனால் 1 நூல் என்று மேசையை இறக்கிக்கொண்டே போங்கள். மரத்தின் ரேகை ஓட்டத்தைப் பார்த்துத் தள்ளுவதும் முக்கியம், ஏனெனில் எதிர் ரேகையில் கத்தி மரத்தைப் பெயர்த்து, சட்டத்தை நம் பக்கமே திருப்பி எறியும்.

பெரும்பாலான மெஷின்களில் இந்த வேலைக்கு, கத்தியை மூடியிருக்கும் பாதுகாப்பு மூடியான கார்டைக் கழற்றியாக வேண்டும். ஆபத்து முழுவதும் அங்கேதான் இருக்கிறது. ராயபுரத்தில் இடித்த பழைய வீட்டிலிருந்து வந்த தேக்கு நிலை ஒன்றை ஒருமுறை இழைத்தபோது, தலை முறிந்து உள்ளே புதைந்திருந்த ஆணியில் கத்தி மோதி, நிலை ஒரு சாண் பின்னால் எகிறியது. என் இடது கை தள்ளுகட்டையின் பிடியில் இருந்ததால் விரல் தப்பியது. கட்டையின் அடியில் கத்தி பதிந்த இரண்டு கீறல்கள் இன்றும் இருக்கின்றன. அதன் பிறகு பழைய மரமென்றால் வலுவான காந்தத்தை நான்கு பக்கமும் மெதுவாக நகர்த்திப் பார்க்காமல் மெஷினில் ஏற்றுவதில்லை.

ஒரு அடிக்குக் குறைவான துண்டு வேண்டுமென்றால், நீளமான சட்டத்திலேயே ரிபேட் எடுத்துவிட்டுப் பிறகு அறுத்துக்கொள்ளுங்கள். 7 அடி நிலைக்குப் பின்பக்கம் ரோலர் ஸ்டாண்டு வையுங்கள்; அங்கே ஆள் நின்றால் தாங்கிப் பிடிக்கலாமே தவிர, இழுக்கக் கூடாது. ஃபென்ஸுக்குப் பின்னால் திறந்திருக்கும் உருளையை மூடுவதையும் கையுறையைக் கழற்றுவதையும் மறக்காதீர்கள்.

கடைசிச் சட்டம் இறங்கியதும் ஸ்விட்சை அணைத்து, உருளை முழுவதுமாக நின்ற பிறகு, கார்டை உடனே மாட்டிவிடுங்கள். அடுத்து வருபவர் அது இருக்கிறது என்ற நினைப்பிலேயே மரத்தை வைப்பார்.