பெரிய அறிவியல் புனைகதைப் படங்கள் ஏன் சொன்ன தேதியில் வருவதில்லை? கடலூரிலிருந்து சென்னை போய் ஐமேக்ஸில் பார்க்க இப்போதே திட்டமிடலாமா?

முதல் அறிவிப்பில் வரும் தேதி தயாரிப்பாளரின் ஆசை, அவ்வளவுதான். '2.0' 2017 தீபாவளிக்கு வருவதாக இருந்து, 2018 நவம்பர் 29-இல்தான் வந்தது. 'அவதார்' இரண்டாம் பாகத்தை முதலில் 2014-க்குச் சொன்னார்கள். வந்தது 2022 டிசம்பரில்!

காரணம், இந்த வகைப் படத்தில் படப்பிடிப்பு முடிந்த பிறகுதான் பெரிய வேலையே தொடங்குகிறது. பச்சைத் திரை முன்னால் எடுத்த ஒவ்வொரு ஷாட்டிலும் கேமரா நகர்வைக் கணித்து, கணினியில் செய்த விலங்கு, ரோபோ போன்ற உருவத்தை அசைத்து, ஒளியைப் பொருத்தி, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்க வேண்டும். 'வால் இன்னும் கொஞ்சம் ஆடட்டும்' என்று இயக்குநர் சொன்னால், அசைவிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். பேசிய கூலிக்குள் இந்தத் திருத்தங்களையும் செய்துகொடுத்து நொடித்த நிறுவனங்கள் உண்டு. நம்ம புதுச்சேரியில் சில காட்சிகள் எடுத்த 'லைஃப் ஆஃப் பை' நினைவிருக்கிறதா? அதன் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ், 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. அதே மாதம் அந்தப் படத்தின் காட்சி விளைவுகளுக்கு ஆஸ்கர் கிடைத்தது. இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

சரி, உங்கள் பயணம். முன்பதிவு திறக்கும் வரை பஸ் டிக்கெட் போடாதீர்கள். ஐமேக்ஸ் அவசியமில்லை என்றால் பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறது. தமிழ் டப்பிங்கில் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டிரெய்லரை நான் ஒன்றோடு நிறுத்திவிடுவேன், மூன்றாவது டிரெய்லரில் பாதிக் கதை போய்விடுகிறது.