ஐந்து வாரத்தில் ஆங்கிலப் பேச்சுப் போட்டி: கொரியப் பள்ளி மாணவியை எப்படித் தயார் செய்வது?

கேள்வி: டொராண்டோவில் வளர்ந்தவள் நான். வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர்களை வேலைக்கு எடுக்கும் கொரிய அரசின் எபிக் திட்டத்தின் வழியாகத் தென் கொரியாவின் வட கியோங்சாங் மாகாணத்தில், ஊர்ப்புறத் தொடக்கப்பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியை வட்டார அளவிலான ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்கு ஐந்து வாரத்தில் தயார் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று நிமிடம் பேச வேண்டும். பிறகு நடுவர் ஒரு கேள்வி கேட்பார். உடன் கற்பிக்கும் கொரிய ஆசிரியர் ‘உலகத் தலைவி ஆவேன்’ என்று உரை எழுதிக் கொடுத்துவிட்டார். பிள்ளை ஒப்பிக்கிறாள், ஆனால் பாதி புரியவில்லை. உச்சரிப்பை எங்கே தொடங்குவது? வார இறுதியில் தனியாகச் சொல்லித் தந்தால் பணம் தருவதாக அவள் அம்மா சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். உங்களுடையது மொழி ஆசிரியர்களுக்கான ஈ-2 விசாவாக இருந்தால், குறிப்பிட்ட பணியிடத்துக்கு வெளியே அனுமதியில்லாமல் சம்பளத்துக்குக் கற்பிப்பது சட்டமீறல். 2016 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கிம் யோங்-ரான் சட்டம் என்ற லஞ்சத் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு பெற்றோர் தரும் சின்னப் பரிசைக்கூட வாங்க ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். நீங்களும் பணிவாக மறுத்துவிடுங்கள். பள்ளி முடிந்தபின் தினமும் இருபது நிமிடம் வகுப்பறையிலேயே கொடுங்கள், அது போதும்.

இனி உரை. உங்கள் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். முதல் முறை நான் அனுப்பிய பையன் புவி வெப்பமயமாதலைப் பற்றி மூன்று நிமிடம் மணிமணியாகப் பேசினான். நடுவர் சிரித்துக்கொண்டே, “காலையில் என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்டார். அவனுக்குத் தெரிந்த பதில்தான், ஆனாலும் வாய் திறக்கவில்லை. மனப்பாடம் செய்த நீண்ட வாக்கியங்களுக்கு நடுவே அவனுடைய சொந்த ஆங்கிலத்துக்கு இடமே இல்லாமல் செய்திருந்தேன். அந்த முகம் இன்றும் கண்ணில் நிற்கிறது. அதனால் சொல்கிறேன், உரை அவளுடையதாக இருக்கட்டும்.

முதல் வாரம் ஆங்கிலமே வேண்டாம். உடன் ஆசிரியரை அருகில் வைத்துக்கொண்டு அவளைக் கொரிய மொழியில் பேசவிடுங்கள். உங்கள் மாகாணம் ஆப்பிளுக்குப் பேர்போனது. சோங்சோங், யோங்ஜு, ஆண்டோங் பக்கமெல்லாம் தோட்டங்கள்தான். அவள் வீட்டில் தோட்டம் இருக்கலாம். ஆலங்கட்டி மழை தழும்பு போட்ட பழத்தை விலை குறைத்து விற்கும் பாட்டி இருக்கலாம். அதைப் பிடியுங்கள். அவள் சொன்னதை, அவள் சொன்ன வரிசையிலேயே எளிய ஆங்கிலமாக்குங்கள். 2015 பாடத்திட்டம் தொடக்கப்பள்ளி முழுவதற்கும் ஏறத்தாழ 500 சொற்களையும், 5, 6-ஆம் வகுப்புகளுக்கு வாக்கியத்துக்கு 9 சொற்களையும்தான் எல்லையாக வைத்தது. இந்த வயதுப் பிள்ளை எவ்வளவு நீள வாக்கியத்தைத் தன்னுடையதாக ஆளும் என்பதற்கு நல்ல அளவுகோல் அது. மூன்று நிமிடத்துக்கு 250 சொற்கள் தாராளம்.

அந்த ஆசிரியரின் உரையை ஒதுக்குகிறீர்கள் என்று மட்டும் தோன்றிவிடக் கூடாது. ஆசிரியர் அறையில், மற்றவர்கள் முன்னால் இந்தப் பேச்சை எடுக்கவே வேண்டாம். தனியாகப் போய், “நேரத்துக்குள் அடங்க மாட்டேன் என்கிறது, சுருக்கலாமா?” என்று கேளுங்கள். அவர் எழுதியதில் ஒரு வரியையாவது கடைசிவரை வைத்திருங்கள்.

உச்சரிப்பில் தமிழ் தெரிந்த உங்களுக்கு ஒரு வசதி உண்டு. ‘பஸ்ஸு’ என்று நம் வீடுகளில் சொல்லும்போது உதடு குவியாமல் ஓர் உகரம் வருகிறதே, குற்றியலுகரம், ஏறக்குறைய அதே ஒலி கொரிய மொழியிலும் இருக்கிறது. படுக்கைக் கோடு ஒன்றை இழுத்து எழுதுவார்கள். மெய்கள் அடுத்தடுத்து வரும் இடங்களிலெல்லாம் அது நுழைந்துவிடும். ‘ஸ்ட்ரைக்’ ஆங்கிலத்தில் ஒரே அசை. கொரிய வாயில் ‘ஸு-து-ரா-யி-கு’ என்று ஐந்து அசை. ‘சேஞ்ச்’ என்பது ‘செ-யின்-ஜி’ ஆகும். நடுவர் காதுக்குச் சொல் பிடிபடாமல் போக முக்கியக் காரணம் இந்த உபரி உயிர்தான். ஆனால் ஆசிரியர்கள் பெரும்பாலோர் ‘ஃப’ ஒலியில் வாரக்கணக்காக மல்லுக்கட்டுவார்கள். கொரியர்கள் காஃபியைக் ‘கொப்பி’ என்பதை யாழ்ப்பாணத்துக் ‘கோப்பி’ போல நீங்கள் உடனே புரிந்துகொள்வீர்கள், நடுவரும் புரிந்துகொள்வார். மேல்பல்லைக் கீழுதட்டில் வைக்க ஒரு நாள் காட்டுங்கள், வந்தவரை போதும்.

மேசையில் விரலால் தட்டி அசையை எண்ணச் சொல்லுங்கள். ‘ஃப்ரூட்’ ஒரு தட்டு. மூன்று தட்டினால் திரும்பவும். அடுத்து அழுத்தம். சியோல் வழக்குக் கொரிய மொழியில் அசைகள் ஏறக்குறைய ஒரே எடையில் வரும். அதனால் ஆங்கிலத்தையும் தந்தி வாசிப்பதுபோலச் சொல்வார்கள். ஒரு ரப்பர் வளையத்தைக் கையில் கொடுத்து, அழுத்தம் விழும் அசையில் மட்டும் இழுக்கச் சொல்லுங்கள். இரண்டே நாளில் வித்தியாசம் கேட்கும்.

ர, ல குழப்பத்துக்கு மருந்து அவர்கள் மொழியிலேயே இருக்கிறது. சலவையைக் குறிக்கும் ‘பல்லே’ என்ற சொல்லில் அவள் நாக்கு மேலண்ணத்தில் சரியாகவே ஒட்டுகிறது. அதைச் சொல்லவைத்து, அந்த நாக்கை அங்கேயே பிடித்துக்கொண்டு ‘லைட்’ என்று தொடங்கச் சொல்லுங்கள்.

முழு உரையையும் உங்கள் குரலில் பதிவு செய்து கொடுத்துவிடாதீர்கள். அவள் உங்கள் ஏற்ற இறக்கத்தை அப்படியே நகலெடுப்பாள், அது ஒப்பிப்பாகவே கேட்கும். இடறும் நான்கைந்து வாக்கியங்கள் மட்டும் போதும்.

கேள்வி நேரத்துக்கு மூன்றாம் வாரத்திலிருந்தே பழக்குங்கள். பதில்களை எழுதிக் கொடுக்காதீர்கள். தினமும் புதிதாக ஒன்று கேளுங்கள்: எந்த ஆப்பிள் பிடிக்கும், பாட்டி எத்தனை மணிக்கு எழுவார். கேள்வி புரியாவிட்டால் “இன்னொரு முறை சொல்லுங்கள்” என்று ஆங்கிலத்தில் கேட்கக் கற்றுக்கொடுங்கள். அந்த ஒரு வாக்கியம் இருந்திருந்தால் என் பையன் தப்பித்திருப்பான்.

அம்மாவிடமும் பேசுங்கள். 2024 சேர்க்கையிலிருந்து பல்கலைக்கழகங்கள் மாணவர் பதிவேட்டில் உள்ள பள்ளிப் பரிசுகளைக்கூடக் கணக்கில் எடுப்பதில்லை. பல்கலைக்கழக நுழைவுக்கான சுனுங் தேர்வின் ஆங்கிலத் தாளில் 45 கேள்விகள். அதில் 17 காதால் கேட்டு விடையளிப்பவை, வாய் திறந்து பேசுவது ஒன்றுகூட இல்லை. அந்நியர் முன்னால் நின்று தன் பாட்டியைப் பற்றி இன்னொரு மொழியில் பேசினோம் என்பதுதான் மகளுக்குக் கிடைக்கப்போவது. அதற்காக ஐந்து வாரம் செலவழிப்பது முற்றிலும் தகும் என்று நான் நம்புகிறேன்.

போட்டி அறிவிப்பை உடன் ஆசிரியரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். சில போட்டிகளில் பெயரும் பள்ளியும் சொன்னால் மதிப்பெண் போகும், வரிசை எண் மட்டும்தான். ஆங்கிலம் பேசும் நாட்டில் வாழ்ந்த பிள்ளைகளுக்குத் தனி விதியும் இருக்கக்கூடும். கடைசி வாரம் உரையில் ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள். மேடை ஏறியதும் குனிந்து வணங்கி, நிமிர்ந்து, ஒரு மூச்சு விட்டபின் தொடங்கவேண்டும். இதையும் சேர்த்தே ஒத்திகை பாருங்கள். ஒலிவாங்கியின் உயரத்தை அவளே சரிசெய்யப் பழகட்டும்.