நோய்த்தொற்றுக் காலமும் திருச்சபைச் சட்டமும்: கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கத்தோலிக்கப் பங்குகளிலிருந்து, அதாவது கோயில் சமூகங்களிலிருந்து, வந்த கேள்விகள் இவை. கொரோனா ஓய்ந்து ஆண்டுகள் ஆகியும் இவை ஓயவில்லை. அன்று பலருக்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் போனதே காரணம். நெடுங்காலம் மறைக்கல்வி கற்பிக்கும் உபதேசியாராக இருந்து, திருச்சபைச் சட்டத்தை வரிவரியாகப் படித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எலத்தகிரி அன்பர்: ஐயா, 2020இல் புனித வாரம் முழுவதும் கோயிலைப் பூட்டிவிட்டார்கள். திருப்பலி காண்பது என் உரிமை இல்லையா?

உரிமைதான். இறைவார்த்தையையும், திருமுழுக்கு, நற்கருணை போன்ற அருளடையாளங்களையும் மேய்ப்பர்களிடமிருந்து பெறும் உரிமை நமக்கு உண்டு என்று 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 213ஆம் எண் சொல்கிறது. ஆனால் இதையும் ஞாயிறுதோறும் திருப்பலி காண வேண்டும் என்ற கடனையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். கடனிலிருந்து மறைமாவட்டத் தலைவரான ஆயர் விலக்கு அளிக்கலாம். 87ஆம் எண் அந்த அதிகாரத்தைத் தருகிறது. அந்த விலக்கால் உரிமை போய்விடுவதில்லை. கூட்டம் கூடக் கூடாது என்றது அரசு. நம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவும் வழிபாட்டுச் சுதந்திரத்தைப் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டே தருகிறது. ஆகவே ஆயர்கள் இணங்கியதில் குறை காண மாட்டேன். பூட்டிய கோயிலுக்குள் தனியே பூசை வைத்துவிட்டு, மக்களைத் தேடிப் போகாமல் இருந்த இடங்களில்தான் என் வருத்தம். 1576இல் மிலானில் கொள்ளைநோய் பரவியபோது பேராயர் சார்லஸ் பொரோமியோ தெருமுனைகளில் பீடம் அமைக்கச் செய்தார். வீட்டுக்குள் அடைபட்டவர்கள் சன்னல் வழியே பூசை கண்டார்கள்.

ஓசூர் சகோதரி: தொலைக்காட்சியில் திருப்பலி பார்த்தால் கடன் தீர்ந்துவிடுமா?

விலக்கு இருக்கும்போது தீர்ப்பதற்குக் கடனே இல்லை, சகோதரி. பார்த்தது பக்திக்கு நல்லது, அவ்வளவுதான். போக முடியாத ஞாயிறுகளில் தனியாகவோ, குடும்பமாகவோ, சில குடும்பங்கள் சேர்ந்தோ செபத்தில் நேரம் செலவிடும்படி 1248ஆம் எண் வற்புறுத்துகிறது. வீட்டில் ஒரு பிள்ளை அன்றைய வாசகத்தை உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்பதையே நான் உயர்வாக நினைக்கிறேன்.

பி. பள்ளிப்பட்டி இளைஞர்: கைப்பேசியில் குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்யலாமா?

செல்லாது, தம்பி. குருவும் நீங்களும் நேரில் இருக்க வேண்டும். வழியே இல்லாதபோது உத்தம மனஸ்தாபப்பட்டு, அதாவது இறைவன்மேல் கொண்ட அன்பால் பாவத்துக்கு வருந்தி, முடிந்தவுடன் சங்கீர்த்தனம் செய்வேன் என்று உறுதி கொண்டால், சாவான பாவமும், அதாவது கனமான பாவமும், மன்னிக்கப்படும். பாட்டிமார் சொல்லிக்கொடுத்த அதே பாடம்தான்.

கோவிலூர் வாசகர்: என் தந்தை கொரோனா வார்டில் இறந்தார். தொடக் கூடாது என்று சொல்லி நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் கொடுக்கக் குரு வரவில்லை. சட்டத்தில் இதற்கு வழியே இல்லையா, ஐயா?

இருக்கிறது. அதனால்தான் உங்கள் கேள்வி எனக்கு வலிக்கிறது. குரு தம் கையாலேயே பூச வேண்டும். கடுமையான காரணம் இருந்தால் ஒரு கருவியைப் பயன்படுத்தலாம் என்று 1000ஆம் எண்ணின் இரண்டாம் பத்தி தெளிவாகச் சொல்கிறது.

2021 மே மாதம் என் அக்காள் அப்படி ஒரு வார்டில் கிடந்தாள். எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஓர் இளம் குரு மட்டும் மன்றாடி அனுமதி பெற்று, பாதுகாப்பு உடை உடுத்தி உள்ளே போனார். முழ நீளக் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, மந்திரித்த எண்ணெயில் தோய்த்து, அவள் நெற்றியிலும் இரண்டு உள்ளங்கைகளிலும் பூசினார். கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்த்தேன். எண்ணெய் பட்டதும் அவள் விரல்கள் மெல்ல மூடின. வெளியே வந்த குரு, அந்தப் பஞ்சை ஒரு தகர டப்பாவில் போட்டு எரித்தபிறகே எங்களோடு பேசினார்.

உங்கள் தந்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நோயில்பூசுதல் பெற முடியாமல் இறப்பவர்கள் தகுந்த மனநிலையில் இருந்து, வாழ்நாளில் செபித்து வந்தவர்களாக இருந்தால், மரண வேளையில் பரிபூரண பலன், அதாவது பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்கும் பேறு, உண்டு என்று 2020 மார்ச்சில் ரோமிலுள்ள திருப்பீடம் அறிவித்தது. சங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபம் என்ற வழக்கமான நிபந்தனைகளின் குறையைத் திருச்சபையே நிறைவு செய்கிறது. அவர் திருச்சபையின் கை எட்டாத இடத்தில் இறக்கவில்லை.

மத்திகிரி செவிலியர்: குறைமாதக் குழந்தை பிழைக்காது என்ற நிலையில் நானே திருமுழுக்கு (ஞானஸ்நானம்) கொடுத்தேன். சரியா?

மிகச் சரி. அவசரத்தில் யாரும் கொடுக்கலாம், எண் 861. குழந்தை பிழைத்திருந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். மறுபடி தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுக்கக் கூடாது.

பென்னாகரம் அன்பர்: தொற்றில் இறந்த சித்தப்பாவை எரித்துவிட்டார்கள். பிற மத உறவினர்கள் சாம்பலை ஒகேனக்கல்லில் கரைக்கச் சொன்னார்கள். நாங்கள் மறுத்துப் பானையை வீட்டில் வைத்திருக்கிறோம்.

எரித்தது பாவமில்லை, 1176ஆம் எண் தகனத்தைத் தடை செய்யவில்லை. ஆற்றில் கரைக்காததும் சரி. வீட்டில் வைத்திருப்பதுதான் சரியில்லை. சாம்பலைத் தூவவோ கரைக்கவோ கூடாது, புனித இடத்தில் வைக்க வேண்டும் என்பது 2016இல் ரோம் தந்த அறிவுரை. பங்குத்தந்தையைக் கேளுங்கள். கல்லறைத் தோட்டத்தில் உங்கள் தாத்தாவின் குழியோரம் ஒரு முழம் தோண்டினால் போதும். அன்று பத்துப் பேர்கூட வர முடியாத அடக்கத்துக்கு இப்போது ஊரையே அழைக்கலாம்.