பபூன் வேடத்திலிருந்து படப்பிடிப்புக்கு: கடலூர் வாசகர் ஒருவருக்குப் பதில்

கேள்வி: எனக்கு வயது 29. கடலூருக்குப் பக்கத்தில் ஒரு நாடக மன்றத்தில் 11 ஆண்டுகளாகப் பபூன் (கோமாளி) வேடம் கட்டுகிறேன்; பாட்டும் நானே பாடுகிறேன். பகலில் பண்ருட்டியில் ஒரு கடையில் வேலை. திருவிழா ஒன்றில் எங்கள் நாடகத்தைப் பார்த்த உதவி இயக்குநர் ஒருவர், மூன்று நாள் படப்பிடிப்புக்கு ஒரு சிரிப்பு வேடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். “மேடைக்காரனுக்கு கேமரா ஒத்துவராது, உன் குரலும் பெரிசு, கையும் பெரிசு” என்கிறார் எங்கள் நாடக வாத்தியார். இதற்கிடையே வேறொருவர், 40,000 ரூபாய் கொடுத்தால் சங்க அட்டையும் தொடர்ந்து வாய்ப்பும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வேலையையும் மன்றத்தையும் விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்விடலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர்

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அந்த 40,000 ரூபாய்ப் பேச்சை முடித்துவிடுவோம். கொடுக்காதீர்கள். நடிப்பவருக்குச் சம்பளம் தருவதுதான் தொழில். நடிப்பதற்கு நடிகரிடமே பணம் கேட்பது வேறு தொழில். தென்னிந்திய நடிகர் சங்கத்தில் நாடக நடிகர்களும் உறுப்பினர்களாக இருக்கிறார்கள். சேர விரும்பினால் சங்க அலுவலகத்துக்கு நேரில் சென்று விசாரித்து, கட்ட வேண்டியதைக் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் ஆள் வேண்டியதில்லை.

இனி வாத்தியார் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு எதிராகத் தமிழ் சினிமாவின் தொடக்க வரலாறே நிற்கிறது. 1931இல் தமிழ்ப்படம் பேசத் தொடங்கியபோது, பேசவும் பாடவும் தெரிந்த ஆட்கள் நாடகக் கம்பெனிகளில்தான் இருந்தார்கள். பின்னணி பாடும் வழக்கம் அப்போது இல்லாததால், கேமராவுக்கு முன்னால் நிற்பவரே பாடியாக வேண்டியிருந்தது. அதனால் ராஜபார்ட் (நாயக வேடம்), ஸ்திரீபார்ட் (பெண் வேடம்), பபூன் என்று கம்பெனிகள் ஏறக்குறைய அப்படியே படத்துக்குள் நுழைந்தன. 1930களின் இறுதியில் பின்னணிப் பாட்டு வரத் தொடங்கி, போகப்போக நிலைத்துவிட்டது. அதன் பிறகு குரல்வளம் சினிமாவின் நுழைவுச்சீட்டாக இல்லாமல் போயிற்று. உங்கள் பாட்டைக் கேட்டு அந்த உதவி இயக்குநர் மகிழ்ந்திருக்கலாம். ஆனால் உங்களை அழைத்தது பாட்டுக்காக அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் மேடையிலிருந்து எதை எடுத்துச் செல்வது? இந்த இடத்தில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனைத்தான் பார்க்க வேண்டும். நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908இல் பிறந்து, வில்லுப்பாட்டில் ஊறி, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடக சபையில் வளர்ந்து, 1935இல் வெளியான ‘மேனகா’ வழியாகத் திரைக்கு வந்தவர் அவர். வந்தபின் யாரோ எழுதித் தரும் வசனத்துக்குக் காத்திருக்கவில்லை. தம் நகைச்சுவைக் காட்சிகளைத் தாமே அமைத்துக்கொண்டார், மனைவியும் நடிகையுமான டி.ஏ.மதுரத்தோடு இணைந்து சிரிப்புக்கென்று ஒரு குழுவையே நடத்தினார். 1949இல் வந்த ‘நல்லதம்பி’யில் அவர் நிகழ்த்திய ‘கிந்தனார்’ கதாகாலட்சேபத்தை, அதாவது பாட்டும் பேச்சுமாகக் கதை சொல்லும் நிகழ்ச்சியை, நீங்கள் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். நம் மாவட்டத்துச் சிதம்பரத்தைக் காண ஏங்கிய நந்தனாரின் சரித்திரத்தை ஊர் ஊராகக் காலட்சேபமாகக் கேட்டுப் பழகியிருந்த மக்களிடம், அதே காலட்சேப வடிவத்தைக் கொண்டு, தில்லைக்குப் பதிலாகப் படிப்புக்கு ஏங்கும் ஒருவனின் கதையைச் சொல்கிறார். உரக்கப் பேசவில்லை, கையை வீசவில்லை. மேடையின் வடிவத்தையும் தம் சொந்தச் சிந்தனையையும் எடுத்துவந்தார். மேடையின் சத்தத்தைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டார். உங்களிடமும் 11 ஆண்டுகளில் நீங்களாகக் கட்டிய நையாண்டிகள், ஊருக்கு ஊர் மாற்றிச் சொன்ன வரிகள் சில நூறாவது இருக்கும். அவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் உண்மையான மூலதனம் அதுதான்.

வாத்தியார் சொன்னதில் உண்மையான பாதி எது என்றால், பபூனின் பழக்கங்கள் சில படப்பிடிப்பில் காலை வாரும். சிறுவயதில் விடிய விடிய நாடகம் பார்க்கப் போய்த் தூங்கி விழுந்தவர்களில் நானும் ஒருவன். பபூன் வந்தால் மட்டும் பக்கத்தில் இருப்பவர்கள் தட்டி எழுப்புவார்கள். அந்தப் பபூன் ஒரு வரியைச் சொல்லிவிட்டு, சிரிப்பு அடங்கும்வரை தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு நிற்பார், அடங்கியபின் அடுத்ததை எடுப்பார். படப்பிடிப்பில் அந்தச் சிரிப்பு வராது. குரல் பதிவாகிக்கொண்டிருக்கும்போது சுற்றியிருப்பவர்கள் சிரிக்கக் கூடாது. சிரிப்பு பல மாதங்கள் கழித்து, நீங்கள் இல்லாத ஓர் அரங்கில் வரப்போகிறது. அதற்கு இடம் விடுவது படத்தொகுப்பாளரின் பொறுப்பு. நீங்கள் காத்து நின்றால், வரி மறந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

இன்னொன்று, மேடையில் ஒரே வரியை இரண்டு இரவு ஒரே மாதிரி சொன்னால் பபூனுக்கு அது குறை. படத்திலோ, தூரத்திலிருந்து ஒருமுறையும் அருகிலிருந்து ஒருமுறையும் எடுக்கும்போது, முதல் தடவை எந்தச் சொல்லில் துண்டை உதறினீர்களோ அதே சொல்லில்தான் மறுபடியும் உதற வேண்டும். அதற்கும் மேலே டப்பிங் இருக்கிறது. மூடிய அறையில், திரையில் தெரியும் உங்கள் உதட்டுக்கே நீங்கள் மறுபடி பேச வேண்டும். படப்பிடிப்பில் மனம்போனபடி சேர்த்த ஒவ்வொரு சொல்லும் அன்றைக்குக் கடனாக வந்து நிற்கும். தாளம் பிசகாமல் பாடிப் பழகியவர்களுக்கு இது சற்று எளிதாக வரும் என்பது என் கணிப்பு, ஆக உங்கள் பாட்டு இங்கே வேறு வழியில் உதவும். படப்பிடிப்புக்கு முன் நண்பர் ஒருவரைக் கைப்பேசியோடு மூன்றடி தூரத்தில் நிற்கவைத்து, உங்கள் காட்சி ஒன்றை ஐந்து முறை ஒரே மாதிரி நடித்துப் படம்பிடித்துப் பாருங்கள். புருவம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும். பேச்சை மட்டும் மாற்றாதீர்கள். சினிமாவில் சிரிப்பு என்றால் மதுரைப் பேச்சு, கோவைப் பேச்சு என்று எத்தனையோ முறை கேட்டாயிற்று. நம் கடலூர்ப் பக்கத்துப் பேச்சு அங்கே இன்னும் புதிதாகவே இருக்கிறது.

வேலையை விடலாமா என்ற கேள்விக்கு, இப்போது வேண்டாம் என்பதே என் பதில். காரைக்காலைச் சேர்ந்த கே.ஏ.தங்கவேலு நாடகத்திலிருந்து வந்து, 1936இல் ‘சதி லீலாவதி’யில் சிறு வேடத்தில் தலைகாட்டினார். ‘டணால்’ என்ற பட்டம் அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டது 1951இல் வந்த ‘சிங்காரி’க்குப் பிறகு; இன்றும் பேசப்படும் எழுத்தாளர் பைரவன் வேடம் அமைந்தது 1959இன் ‘கல்யாண பரிசு’வில். இடையில் எத்தனை ஆண்டுகள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எம்.ஆர்.ராதா 1930களிலேயே படங்களில் நடித்துவிட்டு மேடைக்குத் திரும்பியவர். மேடையில் ஊரெல்லாம் நடத்திப் பேர்வாங்கிய ‘ரத்தக்கண்ணீர்’ 1954இல் படமானபோது, சினிமாதான் அவரிடம் வந்தது. மூன்று நாள் வேடம் என்பது மூன்று நாள் விடுப்புக்கு உரியதே தவிர, வேலையை விடுவதற்கு உரியதல்ல.

வாத்தியாரிடம் மறைக்காமல் பேசுங்கள். திருவிழாக் காலத்தில் தேதி மோதினால், நாடகத்துக்கு ஒப்புக்கொண்டு தாம்பூலம் வாங்கிய ஊருக்கே முதலிடம் என்பதை உதவி இயக்குநரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். நாடகத்தில் பார்த்து உங்களைத் தேர்ந்தெடுத்தவருக்கு அது புரியும். நீங்கள் இல்லாத இரவுகளுக்குப் பபூன் வேடத்தை மன்றத்து இளையவர் ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க முன்வந்தால் வாத்தியாரின் கோபம் பெருமளவு தணியும் என்று நினைக்கிறேன். அவருடைய கோபத்துக்குப் பின்னால் இருப்பது கேமரா அல்ல, திருவிழாவுக்குப் பபூன் இல்லாமல் போய்விடுமே என்ற கவலைதான். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் அழைத்துக்கொண்டு புதுச்சேரிக்கு வாருங்கள். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் மறைந்தது இந்த ஊரில்தான், சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. உங்கள் இருவருக்கும் பொதுவான வாத்தியார் அவர். அங்கே உட்கார்ந்து பேச்சைத் தொடங்குவது வீட்டுத் திண்ணையைவிடச் சுலபமாக இருக்கும்.