ஊர் ஊராக வேலை: குரூப் 4-க்கு எப்போது படிப்பது?

கேள்வி: காவேரிப்பட்டினம் என் ஊர். ஓசூரில் இயந்திரம் செய்யும் கம்பெனி ஒன்றில் சர்வீஸ் வேலை பார்க்கிறேன். வருடத்தில் பாதிக்கு மேல் புனே, ராஜ்கோட், லூதியானா என்று சுற்றிக்கொண்டே இருக்கிறேன். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுத வேண்டும், உடம்பைக் குறைக்க வேண்டும், இங்கிலீஷ் பேசப் பழக வேண்டும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் டைம்டேபிள் போடுகிறேன், மூன்றாம் நாளே விட்டுப்போகிறது. என்ன செய்யலாம் சார்?

பதில்: தம்பி, மன உறுதி போதவில்லை என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். வீட்டில் உட்கார்ந்து போட்ட டைம்டேபிளைச் சைட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதில்தான் சிக்கல். தருமபுரியில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களோடு பழகுகிறவன் என்பதால் சொல்கிறேன், வெளியூர் வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

பழக்கம் இடத்தோடு ஒட்டிக்கொண்டு வளர்வது. ஒரு கல்லூரியிலிருந்து இன்னொரு கல்லூரிக்கு மாறிய மாணவர்களின் உடற்பயிற்சி, செய்தித்தாள் படிப்பு, டிவி பார்ப்பது ஆகியவற்றை வெண்டி வுட் என்ற உளவியலாளரும் உடனிருந்தவர்களும் ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டார்கள். புது இடத்திலும் சூழ்நிலை பழையபடியே அமைந்தவர்களுக்குப் பழக்கம் நீடித்தது, மற்றவர்களுக்குக் கலைந்தது. உங்களுக்கோ மாதத்துக்கு ஒரு சூழ்நிலை.

அதனால் கடிகாரத்தை விட்டுவிடுங்கள். எந்த ஊரானாலும் தினமும் நடந்தே தீருகிற ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: காலையில் முதல் டீ, மதியச் சாப்பாடு, லாட்ஜுக்குத் திரும்பி ஷூவைக் கழற்றுவது. ‘ஷூவைக் கழற்றியதும், படுக்கையில் சாய்வதற்கு முன், இருபது கேள்வி’ என்று எழுதி வையுங்கள். ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்பவர்கள், ‘படிக்கணும்’ என்று பொதுவாக நினைப்பவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்தே ஆராய்ந்து காட்டியிருக்கிறார்.

அடுத்தது, மூன்று ஆசையையும் ஒரே பையில் வைக்காதீர்கள். பயணத்தில் முழு மூச்சாகப் பிடிக்க ஒன்று போதும், அது குரூப் 4 ஆகவே இருக்கட்டும். உடம்புக்கு, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேர நடை. இப்போதைக்கு எடை ஏறாமல் இருந்தாலே போதும். இங்கிலீஷுக்கு, கம்பெனிக்கு அனுப்பும் தினசரி ரிப்போர்ட்டைப் பழையதிலிருந்து காப்பி அடிக்காமல் நீங்களே எழுதுங்கள்.

இப்போது படிப்புக்கு வருவோம். குரூப் 4-இல் மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் சரிபாதி, 100 கேள்வி, தமிழ். இந்த 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பயணத்தில் இருப்பவருக்கு இது நல்ல சேதி என்பேன். தமிழுக்குப் பள்ளிப் பாடப்புத்தகங்கள்தான் அடித்தளம், அவை இலவசமாகவே பிடிஎஃப் ஆகக் கிடைக்கின்றன. ஊரிலேயே போனில் இறக்கி வைத்துக்கொண்டால் ரயிலில் சிக்னல் போனாலும் கவலையில்லை. நம்ம தகடூர் அதியமானையும் ஔவையாரையும் லூதியானாவில் உட்கார்ந்து படித்தாலும் மனசில் நிற்கும்.

ஆனால் படித்ததையே திரும்பத் திரும்ப வாசிப்பதில் நேரத்தைப் போக்காதீர்கள். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்களே முந்தினார்கள். உங்கள் வேலையில் காத்திருப்பு அதிகம் இருக்கும். கிரேன் வர வேண்டும், மிஷினுக்குக் கரண்ட் கொடுக்க வேண்டும், ஸ்டோரில் பார்ட் கிடைக்க வேண்டும். புதுப் பாடம் படிக்க அந்த நேரம் ஆகாது, யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். கேள்வி பதிலைச் சொல்லிப் பார்க்க அருமையான நேரம் அதுதான். ஆங்கி என்ற செயலி ஆண்ட்ராய்டில் இலவசம், நெட் இல்லாமலும் ஓடும். நீங்கள் போட்ட கேள்விகளை இடைவெளி விட்டு அதுவே திரும்பக் கேட்கும். தனிவட்டி, கூட்டு வட்டி, விகிதம் போன்ற கணக்குகளைப் பேனாவும் நோட்டும் வைத்துத்தான் போட வேண்டும். அதை வார விடுமுறைக்கு ஒதுக்குங்கள்.

இடம் மாறுகிற நாளில் படிப்பை எதிர்பார்க்காதீர்கள். கிருஷ்ணகிரியில் ரயில் கிடையாது. பஸ் பிடித்து ஜோலார்பேட்டையோ பெங்களூரோ போய் வண்டி ஏறுவதற்குள்ளேயே பாதி அலுப்பு வந்துவிடும். புது இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி சரியாக உறங்குவதில்லை என்று 2016-இல் வந்த ஓர் ஆய்வும் சொல்கிறது. அன்றைக்கு ஐந்தே கேள்வி, அதற்கு மேல் வேண்டாம். மறுநாள் சாயங்காலம் அறையில் முதல் வேலையாக எங்கே உட்காருவது, விளக்கு போதுமா, சார்ஜர் எட்டுமா என்று பார்த்துவிடுங்கள். ஒரு நாள் முழுதாக விட்டுப்போனாலும் பரவாயில்லை. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பின்தொடர்ந்தபோது, ஒரு தடவை தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அதே ஆய்வில் பழக்கம் படிய நடுவாந்திரமாக 66 நாள் பிடித்தது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை. மூன்றாம் நாளே உங்களை எடை போட்டுக்கொள்வது நியாயமில்லை, தம்பி.

எனக்கு அதிகம் கவலை தருவது நீங்கள் ஊருக்கு வரும் நாட்கள்தான். சைட்டில் ஒழுங்காகப் படித்தவர்கள்கூட வீட்டுக்கு வந்ததும் விட்டுவிடுவதைப் பார்க்கிறேன். கல்யாணம், திருவிழா, மாங்காய் பறிக்கும் காலமென்றால் தோப்பு வேலை, கூட்டாளிகள். எதையும் தவிர்க்கச் சொல்லவில்லை. அந்த நாட்களுக்கும் ஒரு கொக்கி வேண்டும். காலையில் வீட்டார் எழுந்து டீ போடும்வரை பத்து கேள்வி என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் அம்மாவிடம் சொல்லி வையுங்கள், அந்த நேரத்தில் கடைக்கு அனுப்ப மாட்டார்.

அப்புறம் இரண்டு காரியம். தேர்வாணையத்தின் (டி.என்.பி.எஸ்.சி.) ஒருமுறைப் பதிவுக்கு ஓடிபி வரும் எண்ணை, வடக்கே போய் வேறு சிம் வாங்கினாலும், ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். பதிவு ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும், முடியும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். தேர்வு எழுதத் தமிழ்நாட்டுக்கு வந்தே ஆக வேண்டும். தேர்வாணையம் ஆண்டுத் திட்ட அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுகிறது. அதில் குரூப் 4 தேதியைப் பார்த்த அன்றே உங்கள் மேனேஜரிடம் சொல்லி, தேர்வுக்கு முந்தைய ஒரு வாரமாவது ஓசூரிலேயே வேலை கேளுங்கள். விண்ணப்பிக்கும்போது மையமாகக் கிருஷ்ணகிரி மாவட்டத்தைக் குறித்து, திரும்பி வரும் டிக்கெட்டையும் முன்பதிவு திறந்ததும் போட்டுவிடுங்கள்.