கோல்ட் கோஸ்ட்டில் கடலைப் பார்த்தபடி வீடு எடுக்கலாமா?

"அக்கா, மனைவிக்கு ஆஸ்திரேலியாவில் கோல்ட் கோஸ்ட் பெரிய மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே சர்ஃபர்ஸ் பாரடைஸ் என்ற கடற்கரைப் பகுதியில் கடலைப் பார்த்தபடி வீடு எடுக்கலாமா? அங்கே நம்மை அந்நியமாகப் பார்ப்பார்களா?" என்று வேளச்சேரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நான் கோல்ட் கோஸ்ட்டிலிருந்து லீவுக்குத் திருவான்மியூரில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். நேரம் இருக்கிறது, விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டாவது கேள்வி முதலில். அந்த மண் யுகம்பே பழங்குடியினருடையது. அவர்களைத் தவிர மற்ற எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள்தான். என் தெருவிலேயே மெல்பர்ன்காரர், பிரேசில் பெண், மூன்று நியூசிலாந்துக் குடும்பங்கள். வெளிநாட்டில் பிறந்தவர்களில் நியூசிலாந்துக்காரர்கள்தான் அதிகம். ஊருக்கே வயது குறைவு. நீங்கள் வீடு கேட்கும் இடத்தில் நூறு வருடம் முன்பு இருந்தது எல்ஸ்டன் என்ற சின்ன ஊர். 1925இல் ஜிம் காவில் என்பவர் ஒரு ஹோட்டல் திறந்து சர்ஃபர்ஸ் பாரடைஸ் என்று பெயர் வைத்தார். 1933இல் ஊரும் அந்தப் பெயரையே வாங்கிக்கொண்டது. நம் பக்கம் கோயிலால் ஊருக்குப் பெயர் வரும், அங்கே ஹோட்டலால் வந்திருக்கிறது! 'கோல்ட் கோஸ்ட்' என்பதும் போருக்குப் பிறகு மனை விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்துப் பத்திரிகைக்காரர்கள் கிண்டலாக வைத்த பெயர். 1958இல் அதையே அதிகாரப்பூர்வப் பெயராக்கி, 1959இல் ஊரை மாநகரமாக்கினார்கள். 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 6 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

அப்புறம், சதுப்பு நிலத்தைத் தோண்டிக் கால்வாய் வெட்டி, அந்த மண்ணையே மேடாக்கி வீடு கட்டி விற்றார்கள். பின்வாசலில் படகு நிற்கும், பார்க்க அழகுதான். ஆனால் பள்ளிக்கரணையைத் தினமும் பார்க்கிற வேளச்சேரிக்காரருக்கு மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. மாநகராட்சியின் வெள்ள வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாடகைக்குக் கையெழுத்துப் போடுங்கள்.

சரி, சர்ஃபர்ஸ் பாரடைஸ் வீடு. வேண்டாம். முதல் வருடம் நாங்களும் ஆசைப்பட்டுப் பதினான்காவது மாடியில் எடுத்தோம். நவம்பர் கடைசியில் பள்ளி முடித்த பிள்ளைகள் கொண்டாட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். 'ஸ்கூலீஸ்' என்பார்கள். விடிய விடிய பால்கனிக்கு பால்கனி கூச்சல். காலையில் லிஃப்டில் கால் வைத்தால் செருப்பு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு பீர். குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்காரர் நீட்டிக்கவும் இல்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் அவருக்கு லாபம். உள்ளே தள்ளி நெராங்குக்கு மாறினோம், இன்றுவரை அங்கேதான். வாடகை வாரக் கணக்கு. நம்மூர் மாதிரி பத்து மாத அட்வான்ஸ் கிடையாது, பொதுவாக நான்கு வார வாடகைதான். அதுவும் வீட்டுக்காரர் கையில் இருக்காது, அரசு அமைப்பிடம் இருக்கும்.

கடல் விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சென்னை, கோல்ட் கோஸ்ட் இரண்டு ஊரிலும் அலை மணலை வடக்கு நோக்கித்தான் தள்ளுகிறது. சென்னைத் துறைமுகச் சுவர் எழுந்ததும் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. அங்கேயும் அதே கதை. 1960களில் ஊரின் தென்கோடியில் உள்ள ட்வீட் ஆற்று முகத்துவாரச் சுவர்களை நீட்டினார்கள், வடக்கே கிரா கடற்கரை மெலிந்துபோனது. சென்னையில் நாம் பாறாங்கல் கொட்டினோம். கோல்ட் கோஸ்ட்டோ, மணல் போனால் பிழைப்பே போய்விடும் ஊர். அதனால் 2001 முதல் ஆற்றுக்குத் தெற்கே மணலை பம்ப் போட்டு உறிஞ்சி, ஆற்றுக்கடியில் குழாய் வழியாக வடக்கே அனுப்புகிறார்கள். வருடத்துக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர்.

கடலில் குளிப்பதென்றால் உயிர்காப்பாளர்கள் நட்டிருக்கும் சிவப்பு மஞ்சள் கொடிகள் இரண்டுக்கும் நடுவில் மட்டும். பெசன்ட் நகரில் கணுக்கால் நனைத்த தைரியம் அங்கே செல்லாது, இழுப்பு அப்படி.

மனைவியின் மருத்துவமனை சவுத்போர்ட்டில் இருக்கிறது, வாசலிலேயே டிராம் நிற்கும். ஹெலன்ஸ்வேல் ரயில் நிலையத்திலிருந்தும் நேராக டிராம் உண்டு. கோயில் என்றால் சவுத் மக்லீனில் செல்வ விநாயகர், கார் வேண்டும். உங்கள் வேலை என்னவென்று எழுதவே இல்லையே தம்பி? அங்கே ஹோட்டல், கட்டுமான வேலைகள் நிறைய உண்டு. ஐடி என்றால் பிரிஸ்பேனுக்கு ரயிலில் போய்வர வேண்டியிருக்கும், அப்படியானால் ஹெலன்ஸ்வேல் பக்கம் வீடு பார்ப்பது நல்லது. எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.