போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு: தர்மபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களுக்குப் பதில்கள்

சார், எங்கள் போர்வெல்லில் ஃபுளோரைடு லிட்டருக்கு 2.5 மி.கி. என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. வீட்டில் 4 வயது மகள் இருக்கிறாள். பயப்படணுமா?

இந்தியத் தரநிர்ணயம் சொல்லும் அளவு 1 மி.கி. வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை. ஆனால் ரிப்போர்ட்டில் உள்ள எண் பாதிக் கணக்குதான். யார், எத்தனை லிட்டர் குடிக்கிறார், அவர் எடை என்ன என்பதையும் சேர்க்க வேண்டும்.

மகள் 15 கிலோ, தினம் ஒரு லிட்டர் குடிக்கிறாள் என்று வையுங்கள். 2.5ஐ 15ஆல் வகுத்தால் கிலோவுக்குச் சுமார் 0.17 மி.கி. நீங்கள் 60 கிலோ, 3 லிட்டர் என்றால் 0.125. தினமும் உள்ளே போனாலும் பாதிப்பு வராது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கருதும் ஒப்பீட்டு அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.06 மி.கி. உங்களுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு, குழந்தைக்குக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அந்த 0.06 பல்லில் கறை விழுவதை வைத்து வகுத்தது. அதைத் தாண்டியதும் எலும்பு நோய் வந்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனாலும் மகளுக்குக் கொடுக்கும் தண்ணீரை இன்றைக்கே மாற்றுங்கள். சுமார் 8 வயது வரை நிலைப்பற்கள் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும்.

கொதிக்க வைத்தால் சரியாகுமா?

ஆகாது. தண்ணீர் சுண்டும், ஃபுளோரைடு அப்படியே தங்கி இன்னும் அடர்த்தியாகும்.

எனக்கு 30 வயது. பல்லில் பழுப்புக் கறை. இனி நல்ல தண்ணீர் குடித்தால் போகுமா?

கறை போகாது. பல் மருத்துவர் மறைத்துத் தரலாம். ஆனால் எலும்பில் சேர்வது வருடக்கணக்கில் நடப்பது, அதனால் தண்ணீரை மாற்றுவது உங்களுக்கும் அவசியம்தான்.

குடிக்க மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் வைத்திருக்கிறோம். போதுமா?

சமையலுக்கும் அதையே பயன்படுத்துங்கள். சோறு உறிஞ்சும் தண்ணீரும் கணக்கில் வரும். டீத்தூளிலேயே ஃபுளோரைடு உண்டு என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு டீ வேண்டாம். அப்புறம், பால், கேழ்வரகு, நெல்லிக்காய் என்று கால்சியமும் வைட்டமின் சியும் சேரட்டும். சத்துக் குறைவான பிள்ளைகளைத்தான் இது அதிகம் பாதிக்கிறது. குளிக்க, துவைக்க போர்வெல் தண்ணீரே போதும், தோல் வழியாக ஏறாது.

எங்கள் ஊருக்கு ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது. இனி கவலை இல்லைதானே?

2013இல் தொடங்கிய அந்தக் காவிரித் தண்ணீர் பெரிய நிம்மதிதான். ஆனால் தொட்டியில் போர்வெல் தண்ணீரும் கலக்கிறதா என்று விசாரியுங்கள். குழாயில் வரும் தண்ணீரையே பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை.